வந்தாறுமூலையில் எழுதப்பட்ட பெயர்கள்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஞாயிறு எழும் பக்கத்திலுள்ள கரையை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் பக்கத்திலுள்ள கரையைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். படுவான்கரையில் நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடையே ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. வாவியின் வடதலையை அடுத்து, மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில், திருகோணமலை செல்லும் பெருந்தெருவின் ஓரமாக அமைந்துள்ள ஊர் வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது.

இந்த மண் கல்விக்குப் புதியதன்று. 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் பேராசிரியரைத் தந்த இந்தப் பகுதி, தனக்கென ஓர் உயர்கல்வி நிலையத்தைப் பெற 1981ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் இருந்த இடத்திலே, பேராதனைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்ததாக மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. விஞ்ஞானமும் விவசாயமும் முதலிற் கற்பிக்கப்பட்டன. 1986 ஒக்டோபர் முதலாந் திகதி அக்கல்லூரி கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

நான்கு ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், அப்பல்கலைக்கழகம் எந்தப் பாடத்திட்டத்திலும் காணாத ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. அச்சோதனையின்போது அங்கே ஒரு பட்டியல் எழுதப்பட்டது. கல்விச்சாலையொன்றின் பாதுகாப்பு என்பது யாது, அதற்குள் நிகழும் குற்றத்தை எவர், எங்கே, எவ்வாறு தெரிவித்தல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு அந்தப் பட்டியல் ஒரு விடையைத் தருகின்றது. அதன் பெறுமதியை உணர்வதற்கு முதலிற் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் தகும்.

மாணாக்கரின் பாதுகாப்பைப் பற்றிய சட்டங்கள் பல்கலைக்கழகங்களைப் போலவே பழமையானவை. கி.பி. 1200ஆம் ஆண்டிலே பாரிசு நகரின் மதுச்சாலை ஒன்றில் எழுந்த சச்சரவு கலகமாக முற்றியது. நகர அதிகாரியின் ஆட்களும் நகரமாந்தரும் மாணவர் விடுதியைத் தாக்கினர்; மாணவர் சிலர் மாண்டனர். ஆசிரியர்கள் நகரைவிட்டே நீங்கிவிடக்கூடும் என அஞ்சிய பிரெஞ்சு மன்னர் பிலிப்பு ஒகஸ்துசு, மாணவர்களுக்குக் காப்பளிக்கும் சாசனம் ஒன்றை வழங்கினார். மாணவன் ஒருவனுக்குத் தீங்கு இழைக்கப்படுவதைக் காணும் நகரமாந்தர் அதைப் பற்றி உண்மையாகச் சாட்சி சொல்லவேண்டும் என்றும், காணாதிருக்கும் பொருட்டு எவரும் அவ்விடத்தைவிட்டு விலகிச் செல்லலாகாது என்றும் அச்சாசனம் விதித்தது. நகரமாந்தர் இதற்குச் சத்தியமும் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த விதியிலே ஒரு நுட்பம் உண்டு. காவலரை நிறுத்துவதும் மதிலை உயர்த்துவதும் மட்டும் போதும் என்று அது கருதவில்லை. கண்டவர் சொல்லவேண்டும், சொன்னது பதியப்படவேண்டும், பதியப்பட்டது விசாரிக்கப்படவேண்டும் என்னும் ஒழுங்கை அது நாடிற்று. முதலாவது படி தவறினால் ஏனைய இரண்டும் இல்லை.

இலங்கையிலே பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியது. 1952 முதல் பேராதனையில் அது மாணவர் தங்கிப் பயிலும் உறைவிடப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. முதலாவது துணைவேந்தராகிய ஐவர் ஜெனிங்ஸ் ஆங்கில நாட்டு முறையைத் தழுவி அதனை அமைத்தார். ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு விடுதிக் காப்பாளர். ஒழுக்கத்தைக் கண்காணிக்க ‘புறொக்டர்’ எனப்படும் அலுவலர். வளாகத்தைச் சுற்றிவர மார்ஷல்கள். மாணவர் குறைகேட்க ஆலோசகர்கள். பின்னர் எழுந்த பல்கலைக்கழகங்களும் இந்த அமைப்பையே வாங்கிக்கொண்டன. வந்தாறுமூலையும் இதற்கு விலக்கன்று.

இந்த ஏற்பாட்டின் அடியில் ஓர் எண்ணம் மறைந்திருந்தது. வளாகம் ஒரு குடும்பம். அதனுள் நிகழும் பிழைகளைப் பெரியோர் தமக்குள்ளே தீர்த்துக்கொள்வர். பொலிசாரும் நீதிமன்றமும் வாயிலுக்கு வெளியே நிற்கலாம் என்பதே அது. சிறு குறும்புகளுக்கு இந்த முறை போதுமானதாக இருந்திருக்கலாம். பெருங்குற்றம் ஒன்று வாயிலைக் கடந்து உள்ளே வரும்போது, அல்லது உள்ளேயே முளைக்கும்போது, குடும்ப முறை என்ன செய்யும் என்பது 1990இலே தெரியவந்தது.

அவ்வாண்டு யூன் மாதம் அரசாங்கத்துக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் மீண்டும் மூண்டது. வாவியின் இருகரையிலும் வாழ்ந்த எல்லா இனத்தவரும் அத்தீயில் வெந்தனர். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சில நாட்களுள் ஏறாவூரிலும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். இவ்விரு கொலைகளையும் புலிகளே செய்தனர் எனக் குற்றஞ் சாட்டப்பட்டது. தமிழ்க் கிராமங்களிலோ படை நடவடிக்கைகளாலும் பழிவாங்கற் கொலைகளாலும் மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர். ஓடியவர்கள் பல்லாயிரவர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலே புகலிடம் தேடினர்.

கற்கட்டடமும் அகன்ற முற்றமும் உள்ள இடத்தை ஆபத்து வேளையில் மக்கள் நாடுவது இயல்பே. 1978 நொவெம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட மக்களுக்கு, ஓலைக்கூரை வீட்டுக்கும் கற்கட்டடத்துக்குமுள்ள வேறுபாடு நன்கு தெரியும். ஆயினும் 1990இல் அவர்கள் தேடியது கூரையை மட்டுமன்று. பல்கலைக்கழகம் அரசாங்கத்தின் நிறுவனம்; அங்கே படித்தோர் இருக்கின்றனர்; அவர்கள் முன்னிலையில் அநியாயம் எதுவும் நிகழாது என்னும் நம்பிக்கையையும் அவர்கள் தம் மூட்டை முடிச்சுகளோடு சுமந்து வந்தனர். விரிவுரை மண்டபங்களும் விடுதிகளும் நடைபாதைகளும் நிரம்பின. அகதிகளின் தொகை 40,000க்கு மேற்பட்டது. பல்கலைக்கழகத்தில் எஞ்சியிருந்த ஆசிரியர் சிலர் முகாமின் நிருவாகத்தைத் தம் தலைமேல் ஏற்றனர். நேற்றுவரை தாவரவியலும் விவசாயமும் கற்பித்தவர்கள் அரிசிக்கும் மருந்துக்கும் குடிநீருக்கும் கணக்கெழுதத் தொடங்கினர்.

செப்டெம்பர் 5ஆம் திகதி காலை படையினர் முகாமுக்குள் வந்தனர். ஆண்கள் வயதுவாரியாக மூன்று வரிசைகளில் நிற்கும்படி பணிக்கப்பட்டனர். முகமூடியணிந்தவர்களின் முன்னே அவர்கள் ஒருவர் பின் ஒருவராக நடத்தப்பட்டனர். முகமூடிகள் தலையசைத்தபோது, அசைவுக்கு உரியவர் வேறாக நிறுத்தப்பட்டார். தாய்மாரும் மனைவிமாரும் அழுது மன்றாடினர். தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் வாகனங்களில் ஏற்றிச் செல்லப்பட்டனர். அதே மாதம் 23ஆம் திகதி மேலும் 16 பேர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களும் மீளவில்லை.

ஐந்தாந் திகதி வாகனங்கள் சென்ற பின்னர் முகாமிலே செய்யப்பட்ட வேலையே இங்குக் கருதற்பாலது. முகாமை நடத்தியோர், கொண்டு செல்லப்பட்டவர் யாவர் என்பதை உறவினரிடம் கேட்டறிந்து, பெயர்களைத் திரட்டிப் பட்டியலாக்கினர். எண்ணி முடித்தபோது அத்தொகை 158 ஆக இருந்தது. பட்டியல் அதிகாரிகளிடம் கையளிக்கப்பட்டது. துப்பாக்கி ஏந்தியவர்களின் நடுவே, மறுநாளும் அவர்கள் வரக்கூடும் என்ற அச்சத்தின் நடுவே எழுதப்பட்ட முறைப்பாடு அது. எழுதியவர்கள் பொலிசாருமல்லர், சட்டத்தரணிகளுமல்லர். அவர்கள் கல்வியாளர்கள். எண்ணுவதும் பதிவதும் சரிபார்ப்பதும் அவர்களுடைய தொழிற் பழக்கம். அந்தப் பழக்கம் அன்று உதவிற்று.

பட்டியலுக்கு உடனே பயன் கிட்டவில்லை. கைதானோர் ஒரு சிலரே என்றும், அவர்களும் விடுவிக்கப்பட்டுவிட்டனர் என்றும் அதிகாரத் தரப்பிலிருந்து பதில் வந்தது. நான்கு நாட்களின் பின், செப்டெம்பர் 9ஆம் திகதி, மட்டக்களப்பு நகரை அடுத்த சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் பெண்களும் குழந்தைகளுமாக 180க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். புகலிடமும் காவாது என்று கண்ட அகதிகள் பல்கலைக்கழக முகாமைவிட்டுக் கலைந்தனர்.

1991ஆம் ஆண்டு சனவரி 11ஆம் திகதி, ஆட்கள் பலவந்தமாக அகற்றப்பட்டமை பற்றி விசாரிக்க ஒரு சனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. ஆயின் அந்நாள் தொடக்கம் நிகழ்பவற்றையே அது விசாரிக்கலாம் என வரையறுக்கப்பட்டிருந்தது. வந்தாறுமூலையிலோ சம்பவம் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. ஒரு திகதியின் குறுக்கீட்டால் 158 குடும்பங்களின் வழக்கு அந்த ஆணைக்குழுவின் வாயிலுக்கு வெளியே நின்றது.

1994 நொவெம்பரில் புதிய அரசாங்கம் மூன்று ஆணைக்குழுக்களை நியமித்தது. 1988 சனவரி முதலாந் திகதிக்குப் பின் நிகழ்ந்தவற்றை அவை விசாரித்தன. வடக்கு கிழக்கு மாகாணங்களுக்குரிய ஆணைக்குழுவுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி கி. பாலகிட்ணர் தலைமை தாங்கினார். அதன் முன்னே குடும்பத்தினரும், முகாமை நடத்தியோரும் வந்து சாட்சியம் அளித்தனர். நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும் பெயர்கள் இருந்தன, திகதி இருந்தது, தொகை இருந்தது. 1997இல் கையளிக்கப்பட்ட அறிக்கையில் கிழக்குப் பல்கலைக்கழக முகாமிலிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டுக் காணாமற்போனமை இடம்பெற்றது. ‘ஒரு சிலர்’ என்ற பதிலை அரசு நியமித்த ஆணைக்குழுவே ஏற்கவில்லை. பட்டியல் இல்லாதிருந்தால், ஒருவர் சொல்லும் எண்ணுக்கு மற்றொருவர் வேறோர் எண் சொல்ல, உண்மை வாக்குவாதமாகத் தேய்ந்திருக்கும்.

இத்தனைக்கும் பின்னர் தண்டனை பெற்றவர் எவருமில்லை. பட்டியலாற் செய்யக்கூடியது எது, செய்ய முடியாதது எது என்பதை இந்த இடத்தில் ஒளிக்காமற் கூறவேண்டும். பதிவு உண்மையைக் காக்கும். நீதியை வழங்க வேறு கைகள் வேண்டும். அந்தக் கைகள் அசையாதபோதும், பதிவு அழியாதிருப்பதால் வழக்கு முடிந்துவிட்டதாக எவரும் சொல்ல முடியாதிருக்கிறது.

வந்தாறுமூலையிலே இந்தக் கொடுமை நிகழ்ந்த அதே 1990ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவிலே பல்கலைக்கழகக் குற்றங்களைப் பதிவுசெய்தல் பற்றிய சட்டம் ஒன்று நிறைவேறியது. இரண்டுக்கும் நேர்த் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஒப்புநோக்கத் தக்க செய்தி அதிலே உண்டு. 1986 ஏப்பிரலில் பென்சில்வேனியாவிலுள்ள லீகை பல்கலைக்கழகத்தின் விடுதி அறையொன்றில் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி கொல்லப்பட்டாள். கொன்றவனும் அங்கே பயின்ற மாணவனே. தாமாகப் பூட்டிக்கொள்ளும் விடுதிக் கதவுகள் எவராலோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தன. முந்திய மூன்று ஆண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்குற்றங்கள் நடந்திருந்ததைப் பெற்றோர் பின்னரே அறிந்தனர். அவற்றை முன்னரே வெளியிட்டிருந்தால் மகளை அங்கே அனுப்பியிருக்கமாட்டோம் என்பதே அவர்களுடைய வழக்கு.

அவர்களது இடையறா முயற்சியினால் 1990 நொவெம்பர் 8ஆம் திகதி சட்டம் ஒப்பம் பெற்றது. 1998இல் அம்மாணவியின் பெயரால் அது கிளெரி சட்டம் என வழங்கலாயிற்று. மத்திய அரசின் உதவி பெறும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வளாகக் குற்றங்களை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடவேண்டும். முந்திய மூன்று ஆண்டுகளின் கணக்கையும் காட்டவேண்டும். காவற் பிரிவு உள்ள இடங்களில் முறைப்பாடுகளை நாள்தோறும் பதிந்து, பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைக்கவேண்டும். ஆபத்து தொடரக்கூடும் எனத் தோன்றினால் தாமதமின்றி எல்லோருக்கும் எச்சரிக்கை விடுக்கவேண்டும். மறைப்போருக்கு அபராதம் உண்டு.

கல்வி நிறுவனங்கள் குற்றத்தை மறைக்க நாடுவதன் காரணம் எளிதில் விளங்கும். ‘எம்மிடத்தில் இப்படி நடக்காது’ என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது. முறைப்பாட்டைப் பதிந்தால் அப்பெருமைக்கு இழுக்கு. பதியாவிட்டால் நற்பெயர் நிலைக்கும் என்ற கணக்கு அது. நோயாளியின் வெப்பமானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் தணிந்தது என மகிழ்வதற்கு இஃது ஒப்பாகும். பதிவேட்டில் எண்ணிக்கை கூடுவது குற்றம் பெருகியதன் அடையாளமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. சொல்லத் துணிந்தோர் பெருகினர் என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மறைப்பின் நிழலில் நெடுங்காலம் வளர்ந்த குற்றம் பகிடிவதை. புதிய மாணவரை மூத்த மாணவர் வரவேற்கும் விளையாட்டு என அது சாக்குச் சொல்லிக்கொண்டது. 1970களிலேயே அதனால் மாணவர் ஊனமுற்றனர், 1990களில் உயிரிழந்தனர். 1998ஆம் ஆண்டு பாராளுமன்றம் 20ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிக் கல்வி நிறுவனங்களிலே பகிடிவதையையும் ஏனைய வன்செயல்களையும் தடைசெய்தது. உடற்காயம் மட்டுமன்றி, உள்ளத்துக்கு ஊறு, வேதனை, அச்சம் ஆகியவற்றை விளைக்கும் செயலும் பகிடிவதையே என அச்சட்டம் வரையறுத்தது. அதற்கு இரண்டு ஆண்டுவரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டுவரை சிறை. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் உண்டு.

சட்டத்தின் சொற்களில் குறை காண்பது அரிது. இடர்ப்பாடு அதற்கு முந்திய படியிலே இருக்கிறது. பாதிக்கப்பட்ட மாணவன் முறையிடுவதில்லை. படுவான்கரைக் குடிசையிலிருந்து, குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்த ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். முறையிட்டால் விடுதியில் எவரும் பேசமாட்டார், பெயர் வெளிப்படும், வீட்டார் அறிந்தால் படிப்பை நிறுத்திவிடுவர். பொலிஸ் நிலையம் செல்வதோ மானக்கேடு. இத்தனை அச்சங்களையும் கடந்து அவள் ஓர் அலுவலரிடம் வந்து சொன்னால், ‘எழுத்தில் வேண்டாம், பேசித் தீர்ப்போம்’ என்ற விடை கிடைக்கக்கூடும். அந்த விடையோடு சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தொலைபேசி வழியாகவும் இணைய வழியாகவும் நேரே முறையிட வசதி செய்திருப்பது இந்தத் தடையைத் தாண்டுவதற்கே.

பாதுகாப்பின்மை மற்றொரு வகையிலும் இப்பல்கலைக்கழகத்தைப் புண்படுத்திற்று. போர்ச் சூழலில் முஸ்லிம் மாணவரும் ஆசிரியரும் வந்தாறுமூலைக்கு வந்து போக இயலாதவராயினர். அவர்களுக்காக 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1996இல் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைபெற்றது. ஒலுவிலின் வளர்ச்சி போற்றற்குரியதே. ஆனால் ஒரே வாவிக்கரையில் வாழும் இரு சமூகத்துப் பிள்ளைகள் ஒரே வாசகசாலையில் அருகருகே அமரும் வாய்ப்பு அதனாற் குறைந்தது. பாதுகாப்புக் கெட்டதனால் ஏற்பட்ட இழப்புகளை எண்ணும்போது இதனையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

2006ஆம் ஆண்டிலே ஆபத்து பல்கலைக்கழகத்தின் தலைமையையே தேடி வந்தது. செப்டெம்பர் இறுதியில் கலைப் பீடாதிபதி கடத்தப்பட்டார். துணைவேந்தர் பதவி விலகவேண்டும் என்பது கடத்தியோரின் கோரிக்கை. துணைவேந்தராக இருந்தவர் விவசாய விஞ்ஞானியாகிய பேராசிரியர் சி. இரவீந்திரநாத். அவர் விலகல் கடிதத்தை அளித்தார். பீடாதிபதி பின்னர் விடுவிக்கப்பட்டார். விலகலை ஏற்காத மானியங்கள் ஆணைக்குழு, கொழும்பிலிருந்து பணியாற்றுமாறு துணைவேந்தரைக் கேட்டுக்கொண்டது. திசெம்பர் 15ஆம் திகதி, கொழும்பிலே பலத்த காவலுள்ள பகுதியில் நடந்த விஞ்ஞான மாநாடொன்றுக்குச் சென்ற அவர் வீடு திரும்பவில்லை. எங்கே, எவரால், என்ன ஆனார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. பதினாறாண்டுகளுக்கு முன் அகதிகளுக்குப் புகலிடமாயிருந்த பல்கலைக்கழகம், அன்று தன் தலைவரையே காணாமற்போனோரின் வரிசையிலே சேர்க்க நேர்ந்தது.

2009இல் போர் முடிந்தது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் உருவாயிற்று. 2018இன் 5ஆம் இலக்கச் சட்டம் ஆட்களை வலிந்து காணாமலாக்குவதைக் குற்றமாக்கியது. இவ்வாறான அலுவலகங்களுக்குச் செல்வோரிடம் முதலிற் கேட்கப்படுவன பெயர், இடம், நாள், கண்ட சாட்சி ஆகியனவே. 1990இல் வந்தாறுமூலை முகாமிலே ஆசிரியர்கள் தாமாகவே திரட்டி வைத்தவையும் அவையே.

இந்த வரலாற்றிலிருந்து வளாகப் பாதுகாப்புக்குரிய ஒழுங்குகளை வகுப்பது கடினமன்று. விடுதிக்கும் பேருந்து நிற்கும் இடத்துக்கும் இடையே விளக்கு வேண்டும். இரவுக் காவல் வேண்டும். வந்து செல்லும் அந்நியரைப் பதியும் ஏடு வாயிலிலே வேண்டும். இவை யாவரும் ஒப்புக்கொள்பவை; பணம் இருந்தால் ஓராண்டிற் செய்து முடிக்கத் தக்கவை. பணம் அதிகம் வேண்டாத, ஆனால் மனத் துணிவு வேண்டிய ஒழுங்குகள் வேறு சில உண்டு. முறைப்பாடு கொண்டுவருபவர் எவராயினும் அதனை எழுத்திற் பதிந்து, திகதியும் இலக்கமும் இட்ட பற்றுச்சீட்டைக் கையிற் கொடுத்தல் ஒன்று. முறையிட்டவரின் பெயரைக் காத்து, முறைப்பாட்டின் வகையையும் எண்ணிக்கையையும் முடிவையும் ஆண்டுதோறும் வெளியிடுதல் மற்றொன்று. முறைப்பாடு யார்மேலே வந்ததோ, அவருடைய கையிலோ அவருக்கு மேலுள்ளவரின் தனி மேசையிலோ பதிவேடு தங்காதபடி செய்தல் இன்னொன்று. சட்டம் கட்டாயப்படுத்தினாலன்றி இவற்றை எந்த நிறுவனமும் விரும்பிச் செய்வதில்லை என்பதற்கு அமெரிக்க நாட்டின் அனுபவமே சான்று. கிளெரி சட்டத்தைப் போன்று ஆண்டுக் கணக்கை வெளியிடுமாறு கட்டாயப்படுத்தும் ஒரு விதி இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கும் வேண்டற்பாலது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 158 பேர் கொண்டு செல்லப்பட்ட பெருங்கொடுமையையும் விடுதியில் ஒரு மாணவிக்கு நேரும் துன்பத்தையும் ஒரே தட்டில் நிறுத்தலாமோ என்று வினவலாம். நிறுத்தலாகாது, இரண்டும் ஒரே அளவினவல்ல. ஆயினும் இரண்டையும் மூடுவதற்குப் பயன்படும் துணி ஒன்றே. ‘அப்படி எதுவும் நடக்கவில்லை; நடந்தாலும் சிறிதளவே; அதுவும் தீர்ந்துவிட்டது’ என்னும் சொற்களே இரண்டுக்கும் விடையாக வருகின்றன. அவ்விடையை மறுப்பதற்கு இரண்டுக்கும் உதவுவதும் ஒன்றே: உரிய காலத்தில், பார்த்தவர் முன்னிலையில் எழுதப்பட்ட பதிவு. துப்பாக்கியின் முன்னே பெயரெழுதத் துணிந்த ஓரிடத்திலே, அமைதிக் காலத்தில் ஒரு மாணவியின் முறைப்பாட்டை எழுதத் தயங்குவதற்குச் சொல்லத்தக்க நியாயம் எதுவுமில்லை.

செப்டெம்பர் 5ஆம் திகதி வருந்தோறும், காணாமற்போனோரின் உறவினர் வந்தாறுமூலையில் கூடி விளக்கேற்றுகின்றனர். அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று நடுவயதை எட்டிவிட்டனர். மகனைத் தேடி முகாமிலே பெயர் கொடுத்த தாய்மார் பலர் விடை காணாமலே மறைந்துவிட்டனர். வாயிலுக்கு உள்ளே புதிய மாணவர் ஆண்டுதோறும் வந்து சேருகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் தாம் நடக்கும் முற்றத்தின் வரலாற்றை அறிவரோ தெரியாது. அறிவிக்கவேண்டியது பல்கலைக்கழகத்தின் கடன். முதல்நாள் வகுப்பிலே வாசகசாலையின் இடத்தையும் விடுதியின் விதிகளையும் எடுத்துரைக்கும்போது, முறைப்பாட்டுப் பதிவேடு இருக்கும் இடத்தையும், இந்த வளாகத்தில் ஒருமுறை 158 பெயர்கள் ஏன் எழுதப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும்.